ஊற்றினா போச்சா?



என் மாமனார் 1969-ல் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரை இந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தை வைத்துத்தான் செய்தார்களாம். அதில் என்னவருக்கு ஏகப் பெருமை!

போன மாசியில் நாத்தனார் மகள் வளைகாப்புக்குப் பிள்ளைகளோடு கிளம்பினோம். ரயில்வே கேட் அருகே பிரேக்கை மிதித்தால், பெடல் அப்படியே தரையோடு போய்விட்டது. எதிரே மணல் லாரி! என்னவர் சட்டென்று ஹேண்ட் பிரேக்கை இழுத்ததால் பிழைத்தோம். அது கம்பியில் வேலை செய்வது. கால் பிரேக்குக்கோ நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழி. ஓரிடத்தில் ஒழுகினாலும் மொத்தமும் போச்சு.

தப்பு எங்களுடையதுதான். இரண்டு மாதமாகவே பிரேக் ஆயில் குறைந்துகொண்டு வந்தது. "கொஞ்சம் ஊத்தினா போச்சு" என்று ஊற்றிக்கொண்டே இருந்தோம். பின் சக்கரத்தின் உட்பக்கம் ஈரமாக இருந்ததைப் பார்த்தும், வண்டி கழுவின தண்ணீர் என்று நான் விட்டுவிட்டேன்.

மெக்கானிக் சிலிண்டரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே துருப்பிடித்து ஒரே சொரசொரப்பு, குழி குழியாக. மூடாத உப்பு ஜாடி மாதிரி, பிரேக் ஆயிலும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளுமாம். அந்த ஈரத்தில் துரு ஏறி, ரப்பர் வாஷரை அறுத்துவிட்டது.

இந்தக் காருக்குப் புது சிலிண்டர் லேசில் கிடைக்காது. "எமரி பேப்பர்ல தேய்ச்சு, புது ரப்பர் போட்டா போதாதா?" என்றார் என்னவர்.

"லேசான கறைன்னா தேய்க்கலாம் சார். குழியைத் தேய்ச்சா துவாரம்தான் பெரிசாகும், ரப்பர் பிடிக்காது" என்றார் லேத் பட்டறைக்காரர். உள்ளே குடைந்து, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் இறக்கி, பழைய அளவுக்கே கொண்டு வரணுமாம். செலவைக் கேட்டு இவர் தயங்க, என் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தேன்.

கடைசியில் குழாயிலிருந்து காற்றை எடுக்கும் வேலை. "மிதிங்கம்மா... அப்படியே பிடிங்க... விடுங்க" என்று மெக்கானிக் சொல்லச் சொல்ல, நான்தான் மிதித்தேன். பாட்டிலில் குமிழ் வருவது நின்று, பெடல் கல் மாதிரி நின்றபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

காரோ, ஸ்கூட்டரோ, பிரேக் ஆயில் குறைந்தால் எங்கே போகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பழசை எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றச் சொல்லுங்கள். மிச்சத்தைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் வைக்காதீர்கள். அது விஷம், வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

குக்கர் கேஸ்கட் தளர்ந்தால் உடனே மாற்றுகிற நாம், வண்டி விஷயத்தில் மட்டும் ஏன் சும்மா இருக்க வேண்டும்?

- ஒரு வாசகி, தாம்பரம்.