வேரில் விளையும் செல்வம்

காட்டு மரங்களின் நிழலில், ஓரிரண்டு அடி உயரம் வளரும் சிறு செடி சர்ப்பகந்தி. உறக்கமின்மைக்கும் சித்தக் கலக்கத்திற்கும் நம் நாட்டு வைத்தியர்கள் இதன் வேரை நெடுங்காலமாக வழங்கி வந்தனர்.

1931-இல் விஞ்ஞானி ஸலிமுஸ்ஸமான் சித்திக்கி இவ்வேரிலிருந்து ஒரு சத்தைப் பிரித்து, ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக 'அஜ்மலின்' எனப் பெயரிட்டார். இவ்வேர் இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் என்பதை 1949-இல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் உலகறிய எழுதினார். 1952-இல் சுவிட்சர்லாந்தில் 'ரெசர்பின்' பிரித்தெடுக்கப்பட்டதும் வேருக்குக் கிராக்கி பெருகிற்று.

அதுவே செடிக்கு வினையாயிற்று. இலையைப் பறித்தால் மீண்டும் துளிர்க்கும். வேரைப் பிடுங்கினால் செடியே மாளும். காடுகளில் இது அருகிப்போனதால், 1990 முதல் இதன் வெளிநாட்டு வணிகம் சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது.

ஆகவே காட்டில் தோண்டுவதை விடுத்து, தோட்டத்தில் பயிரிடுதலே நேர்வழி. விதையாலும் வேர்த் துண்டாலும் செடி உண்டாக்கலாம். விதை முளைப்பது குறைவு. ஆதலால் நாற்றங்கால் அவசியம். வேர் முதிர ஒன்றரை ஆண்டுக்கு மேலாகும். சத்து பெரும்பாலும் வேர்ப்பட்டையில் இருப்பதால், பட்டை உரியாமல் தோண்டிக் காயவைக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: அளவு மீறினால் இம்மருந்து மனச்சோர்வையும் மயக்கத்தையும் தரும். வைத்தியர் சொல்லின்றி எவரும் உண்ணலாகாது.

ஒன்றரை ஆண்டு வருவாயின்றிக் காத்திருப்பது தனி விவசாயிக்குப் பாரம். நாற்றங்காலையும் விற்பனையையும் சங்கம் ஏற்றால் அப்பாரம் பங்கிடப்படும். வாங்குவோரை முன்கூட்டியே உறுதி செய்துகொண்டு, சிறு நிலத்தில் தொடங்குவோம். பயிரும் பிழைக்கும், காடும் பிழைக்கும்.