பாடவேளைக்குப் பின்: கல்லூரி வாழ்வில் கலையும் மன்றமும் விளையாட்டும்

கல்லூரிகளிற் பாடத்திட்டத்திற்கு அப்பால் நடைபெறும் கலை நிகழ்ச்சிகள், இலக்கிய மன்றங்கள், விளையாட்டுகள் ஆகியவற்றைப் 'பாடப்புறச் செயல்கள்' என வழங்கி வருகிறோம். 'புறம்' என்னும் சொல்லிலேயே ஒரு தீர்ப்பு அடங்கியிருக்கிறது. அகத்தே இருப்பது கல்வி, புறத்தே இருப்பது பொழுதுபோக்கு என்பதே அது. இத்தீர்ப்பை ஆராயப் புகுமுன், புதுக்கோட்டை மாவட்டத்து வல்லத்திராக்கோட்டையில் நாம் கேட்ட ஒன்றைக் கூற விரும்புகிறோம்.

அவ்வூரிலிருந்து நாள்தோறும் நகரக் கல்லூரிகளுக்குச் சென்று மீளும் மாணாக்கர் சிலரோடு ஒரு மாலை உரையாடிக் கொண்டிருந்தோம். எந்த மன்றத்தில் உறுப்பினராயிருக்கிறீர்கள் என்று வினவியபோது, அவ்வினாவே அவர்களுக்கு வியப்பாயிருந்தது. மன்றக் கூட்டமும் விளையாட்டுப் பயிற்சியும் பாடவேளை முடிந்த பின்னரே நடைபெறுகின்றன; அவர்கள் பேருந்து நிலையத்திற்கு விரையும் நேரமும் அதுவே. "கூட்டத்துக்கு இருந்தா வண்டி போயிடும் ஐயா, அடுத்த வண்டிக்குள்ள இருட்டிடும், வீட்டுல விடமாட்டாங்க" என்றாள் ஒரு மாணவி. 2021ஆம் ஆண்டு மே மாதம் முதல் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை. கட்டணம் நீங்கியது, காலத் தடை நீங்கவில்லை.

இத்தடையின் வேரை அறியச் சற்றே வரலாற்றை நோக்க வேண்டும். நம் நாட்டுக் கல்லூரிகளின் மன்ற வாழ்வு பெரும்பாலும் விடுதி வாழ்வைச் சார்ந்தே வளர்ந்தது. 1862இல் சென்னைக்கு வந்த வில்லியம் மில்லர், விரிவுரைக் கூடத்தில் மட்டுமே மாணவன் உருவாவதில்லை என்று கருதி விடுதிகளையும் சொற்போர் மன்றங்களையும் பேணினார். அவர் வளர்த்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்திற்குப் பெயர்ந்தபோது, அவ்வளாகம் சேலையூர், புனித தோமா, பிஷப் ஹீபர் என்னும் விடுதிகளைச் சூழ்ந்தே அமைந்தது. கல்லூரியிலேயே உண்டு உறங்குவோர்க்கு மாலை நேரம் தம்முடையது. அம்மாதிரியைப் பின்னர் எழுந்த எண்ணற்ற கல்லூரிகள் மேற்கொண்டன. ஆயினும் அவற்றின் மாணாக்கருட் பெரும்பாலோர் வீட்டிலிருந்து வந்து போவோர் என்பதை எவரும் கணக்கிற்கொண்டதாகத் தோன்றவில்லை.

விளையாட்டின் வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. 1891இல் கூடைப்பந்தாட்டத்தை வகுத்த ஜேம்ஸ் நைஸ்மித் இறையியல் பயின்று பட்டம் பெற்றவர். பிரசங்க பீடத்தை விட்டு விளையாட்டுக் கூடத்திற்குச் செல்வதா என்று அவரைக் கடிந்தவர்கள் பலர். அவர் ஆசிரியராயிருந்த ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவரே 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். 1924ஆம் ஆண்டின் பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியை அழைத்துச் சென்றவரும் அவரே. இன்று நம் சிற்றூர்ப் பள்ளிகளிலும் காணப்படும் உடற்கல்வி ஆசிரியர் என்னும் பதவிக்கு அக்கல்லூரி பெரிதும் வழிவகுத்தது. சரீர முயற்சியின் பயன் அற்பமே என்று பவுலடிகள் தீமோத்தேயுவுக்கு எழுதியதைக் காட்டி விளையாட்டைத் தள்ளுவோர், அதே பவுல் கொரிந்து சபைக்கு ஓட்டப்பந்தயத்தையே உவமையாக்கியதை மறந்து விடுகின்றனர்.

கலைக்கு வருவோம். கலைப்பயிற்சி மேலைநாட்டார் கொணர்ந்த புதுமையன்று. இதே புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில், ஏழாம் நூற்றாண்டினது என அறிஞர் பலர் கருதும் இசைக் கல்வெட்டு ஒன்று உள்ளது. சுர வரிசைகளைப் பண்முறையிற் பகுத்துப் பாறையிற் பொறித்த அவ்வரசன், உருத்திராசாரியர் என்பவரின் மாணாக்கனாகத் தன்னைக் குறிப்பிடுவதோடு, மாணாக்கர் நன்மைக்காகவே இதனைச் செய்ததாகவும் கூறுகின்றான். பாறை எவர்க்கும் திறந்திருந்தது என்று சொல்லத் துணியோம். அக்காலத்தில் அதனைப் படிக்கத்தக்கவர் யாவர் என்பது வேறு கேள்வி. ஆயினும் இசை கல்வியின் அகத்தே இருந்தது என்பதற்கு அது சான்று.

யாருடைய கலை மேடையேறுகிறது என்பதும் கேட்கப்பட வேண்டும். கல்லூரி நாள் விழாவில் திரையிசைக்கும் செவ்வியல் நடனத்திற்கும் இடமுண்டு. பறையும் கும்மியும் நெடுங்காலம் வாயிலுக்கு வெளியே நின்றன. 2005இல் மறைந்த தியோப்பிலஸ் அப்பாவு அவர்கள் மதுரையில் இறையியல் ஆசிரியராயிருந்து நாட்டுப்புற இசையை வழிபாட்டிற்குட் கொணர்ந்தபோது முகஞ்சுளித்தோர் உண்டு. வகுப்பிற் பின்வரிசையிலிருக்கும் ஒரு மாணவன் தன் தந்தையின் கலையைத் தன் கல்லூரி மேடையிற் காணும்போது அடையும் நிமிர்வை, நாம் எந்தத் தேர்விலும் அளந்ததில்லை.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல் காந்தியடிகள் நூற்றாண்டின்போது 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பெற்றது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியும் ஏழு நாள் சிறப்பு முகாமும் அதன் நெறி. முகாம் சிற்றூர்களுக்கே செல்கிறது. ஆக, கல்லூரி கிராமத்தைத் தேடி ஏழு நாள் வருகிறது; கிராமத்து மாணவிக்கோ கல்லூரியின் மாலை ஒரு நாளும் வாய்ப்பதில்லை.

பதக்கம் வரும்போது மட்டும் நாம் யாவரும் கூடிவிடுகிறோம். இம்மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில் செங்கற்சூளைத் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்த சாந்தி சௌந்திரராஜன் 2006ஆம் ஆண்டு தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பாலினச் சோதனையைக் காரணங்காட்டி அது பறிக்கப்பட்டபோது, கூடியவர்களுட் பலர் கலைந்தனர். அவரோ பின்னர் புதுக்கோட்டையிலேயே ஏழைச் சிறார்க்கு ஓட்டப்பயிற்சி அளித்தார். வெற்றியாளரைப் பெறுதற்காகவே விளையாட்டு என்று கொள்ளும் நிறுவனம், வெற்றி பறிபோனவரை என்ன செய்வதென்று அறியாது.

செய்யத்தக்கது பெரிதொன்றுமில்லை. வாரத்தில் ஒரு நாள் நண்பகல் இரு பாடவேளைகளை மன்றங்களுக்கும் ஆடுகளத்திற்கும் ஒதுக்கலாம். பாடங்கள் குறைந்துவிடும் என்பர் ஆசிரியர். நாமும் ஆசிரியராதலின் அக்கவலையை அறிவோம். ஆயினும் விழா ஒத்திகைக்கென நாட்கணக்கில் வகுப்புகள் நின்றுபோவதைப் பொறுக்கும் நாம், ஒழுங்காக ஒதுக்கிய இரண்டு மணி நேரத்திற்கு அஞ்சுவானேன்?

விடைபெறுமுன், உனக்கு என்ன வரும் அம்மா என்று அம்மாணவியைக் கேட்டோம். கும்மிப்பாட்டு, அவளுடைய அப்பாயி கற்பித்தது, நாற்பதுக்கு மேல் தெரியும் என்றாள். கல்லூரியில் பாடியதுண்டா என்றோம். அங்கு யாரும் கேட்கவில்லை என்றாள்.