“மறுபடி வரை, வேண்டாம்!”

சென்னையில் இருந்து மின்சார ரெயிலில் வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி வரும். பெரிய தொழிற்பேட்டை உள்ள ஊர். முன்பெல்லாம் எந்திரம் என்றால் கைப்பிடி இருக்கும்; சக்கரம் இருக்கும். இப்போது பல எந்திரங்களில் கண்ணாடித் திரைதான். திரையில் ஒரு பொத்தான் படம். விரலால் தொட்டால் எந்திரம் ஓடுகிறது!

அந்தப் பொத்தானை வரைந்தது யார்?

ஓவியர் அல்ல. கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவர். அவரும் கோடு கோடாக வரைவது இல்லை. பொத்தான், பட்டை, பெட்டி எல்லாம் செய்து வைத்த சரக்கு அறை ஒன்று உண்டு. பெயர் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். அப்படிப்பட்ட ஒன்றுதான் “கியூட்”. ஹாவர்ட் நோர்ட், ஐரிக் சாம்பே எங் என்ற நார்வே நாட்டுக்காரர்கள் இருவர் உண்டாக்கியது. 1995-ல் வெளிவந்தது. ஒரு முறை எழுதினால் போதும். விண்டோசிலும் ஓடும்; லினக்சிலும் ஓடும்; மேக்கிலும் ஓடும்.

கடைக்காரர் திகைப்பார்

ஆனால், எந்தச் சொல்லால் கேட்பது? அதில்தான் தகராறு.

ஒலியைக் கூட்டிக் குறைக்கத் திரையில் ஒரு பட்டை வேண்டும். 3-வது பதிப்பில் எப்படிக் கேட்க வேண்டும், தெரியுமா? “12, 18, 3, 13” என்று வரிசையாக எண்களைச் சொல்ல வேண்டும். மளிகைக் கடையில் இப்படிக் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் திகைத்து நிற்பார்!

குறைந்த அளவு 12, கூடிய அளவு 18, ஒரு தாவலுக்கு 3, இப்போது நிற்பது 13. இதுதான் பொருள். எழுதியவருக்கே ஆறு மாதம் கழித்து மறந்துவிடும்.

இன்னொரு கட்டளை இதைவிட வேடிக்கை. படித்தால் “மறுபடி வரை, வேண்டாம்” என்பது போல இருக்கும். வரையக் கூடாது என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. “பழையதை அழிக்காமல், அதன் மேலேயே வரை” என்பது பொருளாம்! படித்தவர்கள் செய்த வேலைதான் இது.

பழைய பேச்சும் புரியும்

2005-ல் 4-வது பதிப்பு வந்தது. “அளவு 12 முதல் 18 வரை”, “தாவல் 3”, “நிற்பது 13” என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்கும்படி மாற்றினார்கள். அந்த வேடிக்கைக் கட்டளையையும் எடுத்துவிட்டார்கள்.

நல்லதுதான். ஆனால், பழைய சொற்களில் ஆண்டுக்கணக்காக எழுதி வைத்தவர்கள் கதி? சொல் மாறினால் அவர்களுடைய புரோகிராம் நின்று போகும். 1978-ல் தமிழில் “னை”, “லை” எழுத்துகள் மாறின. பழைய புத்தகத்தை நாம் தட்டுத் தடுமாறியாவது படித்துவிடுவோம். கம்ப்யூட்டர் அப்படி அல்ல. ஒரு சொல் புரியாவிட்டால் அங்கேயே நின்றுவிடும்.

ஆகவே, பழைய பேச்சு தெரிந்த ஒரு துணைப் பகுதியையும் சேர்த்தே கொடுத்தார்கள். இந்த ஏற்பாடு சரியானது என்பேன். வீட்டை இடிக்கும் முன்பு, குடியிருப்பவருக்குத் தவணை கொடுப்பதுதானே முறை? 2012-ல் 5-வது பதிப்பு வந்தது. துணைப் பகுதி அதில் இல்லை.

இருந்தாலும், லினக்ஸ்காரர்களில் சிலர் மாறவே இல்லை. 2010-ல் “டிரினிட்டி” என்ற பெயரில் தனியே பிரிந்தார்கள். பழைய 3-வது பதிப்பை வைத்துக்கொண்டு, தாங்களே பழுது பார்த்து இன்றும் ஓட்டி வருகிறார்கள்.