இலக்குச் செயலிக்கேற்ற நிரல் தொகுப்பு

இலக்குச் செயலிக்கேற்ற நிரல் தொகுப்பு என்பது, ஒரு மென்பொருளின் மூலநிரலை, அது இயங்கவிருக்கும் செயலி அறிந்த ஆணைகளாக மாற்றுவதாகும். ஒரு வகைக் கணினியில் தொகுத்து வேறு வகைச் செயலியில் இயக்குவது குறுக்குத் தொகுப்பு எனப்படும்.

எடுத்துக்காட்டு

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் வடிவமைத்த சக்தி செயலிகள், ரிஸ்க்-ஃபைவ் என்னும் கட்டற்ற ஆணைத்தொகுதியைச் சார்ந்தவை. இத்தொகுதியில் முழுஎண் ஆணைகள் அடிப்படையாகும். பெருக்கல், மிதவைப் புள்ளிக் கணக்கீடு போன்றவை விருப்ப நீட்சிகளாகும். சக்தியின் சி-வகுப்புச் செயலி மிதவைப் புள்ளி ஆணைகளை அறியும். சிறு கருவிகளுக்கான ஈ-வகுப்பு அறியாது.

தெரிவுகள்

ஜிசிசி போன்ற தொகுப்பிகளில் இலக்கின் நீட்சிகளைக் குறிப்பிடலாம். மிதவைப் புள்ளி நீட்சியை விலக்கினால், அக்கணக்கீடுகளை மென்பொருள் நூலகம் மெதுவாகச் செய்து முடிக்கும். தவறாகச் சேர்த்தால், தொகுப்பின்போது பிழை தோன்றாது. நிரல் அந்த ஆணையை அடையும்போதே செயலி அதனைச் செல்லாத ஆணையெனக் கருதி நிறுத்தும். அரிதாக இயங்கும் பகுதியில் அவ்வாணை இருப்பின், பிழை நெடுநாள் மறைந்திருக்கக்கூடும். எனவே, இலக்குக் கருவியிலேயே நிரலைச் சோதிப்பது இன்றியமையாதது. செயற்கூறுகள் மதிப்புகளைப் பரிமாறும் முறையும் நூலகங்களுடன் ஒத்திருத்தல் வேண்டும். இல்லையேல் இணைப்பி அவற்றை இணைக்க மறுக்கும்.