முதுமையும் காட்சிப்பொருள் அறிதலும்

கண்ணால் காணும் பொருள் இன்னதென்று மூளை இனங்காண்பது காட்சிப்பொருள் அறிதல் எனப்படும். பெருமூளையின் இடது, வலது அரைக்கோளங்கள் இரண்டும் இதில் பங்கேற்கின்றன. வயது ஏற ஏற, அவற்றுக்கிடையே உள்ள வேலைப் பிரிவினை மாறுகிறது.

அரைக்கோளங்களின் பங்கு

பார்வைப் புலத்தின் இடப்பாதியில் தோன்றுபவை முதலில் வலது அரைக்கோளத்தையும், வலப்பாதியில் தோன்றுபவை இடது அரைக்கோளத்தையும் அடைகின்றன. கார்ப்பஸ் கலோசம் என்னும் நரம்பிழைக் கற்றை இரண்டையும் இணைப்பதால் காட்சி ஒன்றாகவே தெரிகிறது.

எடுத்துக்காட்டாக, தரங்கம்பாடி கடற்கரையில் வரிசையாக நிற்கும் பைபர் படகுகளில் ஒன்றைப் பார்த்து ‘இது படகு’ என்பது வகையை அறிதல். ‘இது எங்கள் படகு’ என்பது குறிப்பிட்ட ஒன்றை அறிதல். வகையை அறிவதில் இடது அரைக்கோளமும், குறிப்பிட்ட ஒன்றை அறிவதில் வலது அரைக்கோளமும் கூடுதல் பங்காற்றுவதாகச் சாட் மார்சோலெக் 1999-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

வயதால் ஏற்படும் மாற்றங்கள்

1997-இல் வில்மா கூட்ஸ்டால், டேனியல் ஷாக்டர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், முன்பு கண்ட படங்களின் வகையைச் சேர்ந்த புதிய படங்களையும் ‘பார்த்த படம்’ என்று முதியோர் இளையோரைவிட அதிகமாகக் கூறினர். வகை நினைவில் நின்றது, நுண்விவரம் நழுவியது.

முகம், வீடு, நாற்காலி, சொல் ஆகியவற்றுக்குத் தனித்தனியே துலங்கும் பார்வைப் புறணிப் பகுதிகளின் தனித்தன்மை முதியோரிடம் குறைவதை டெனிஸ் பார்க் குழுவினர் 2004-இல் கண்டறிந்தனர். இளையோரிடம் ஒருபுறம் மிகுதியாக இயங்கும் முன்மூளைப் பகுதிகள் முதியோரிடம் இருபுறமும் இயங்குகின்றன என்று ராபர்ட்டோ கபேசா 2002-இல் விளக்கினார். இது இழப்பை ஈடுசெய்யும் முயற்சியா, தனித்திறன் மங்குவதன் விளைவா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

நோயிலிருந்து வேறுபாடு

இயல்பான மூப்பின் மாற்றங்கள் மெதுவாக நிகழ்பவை. அன்றாடப் பொருள்களை அடையாளம் காண்பதைப் பெரிதும் தடுப்பதில்லை. பழகிய சாவியைக் கண்டு பெயர் சொல்ல இயலாமல், கையில் எடுத்துத் தடவியதும் அறிவது பார்வை அக்னோசியாவின் அறிகுறி. இது திடீரென ஏற்பட்டால் பக்கவாதமாக இருக்கலாம். உடனடி மருத்துவ உதவி தேவை. படிப்படியாக வளர்ந்தால் அல்சைமர் போன்ற நோய்கள் காரணமாகலாம்.

குறை மூளையில் அன்றிக் கண்ணிலும் இருக்கலாம். முதியோரிடம் பரவலாகக் காணப்படும் கண்புரை அறுவை சிகிச்சையால் குணமாகக்கூடியது. மதுரையில் 1976-இல் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, குறைந்த செலவிலும் இலவசமாகவும் இச்சிகிச்சையைப் பெருமளவில் வழங்கிவருகிறது. ஆகவே ஆள் அடையாளம் தெரியாத முதியவருக்கு ‘மறதி’ என்று முடிவு செய்யும் முன் கண் பரிசோதனை செய்வது அவசியமாகும்.