சிபில் பார்க்கத் தெரியும்... சிவில் கோர்ட் ரெக்கார்டு பார்க்கத் தெரியுமா?



லோன் அப்ளை பண்றதுக்கு முன்னாடி சிபில் ஸ்கோர் பார்க்கிறோம். 15,000 ரூபாய் போன் வாங்க நாலு ரிவியூ பார்க்கிறோம். ஆனா 30 லட்சம் ரூபாய் மனைக்கு டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும்போது, "அந்த இடத்து மேல கேஸ் ஏதாவது இருக்கா?" என்று கோர்ட் ரெக்கார்டுல போய்ப் பார்த்தவங்க நம்மில் எத்தனை பேர்?

இன்னொரு பக்கம், நண்பருக்குக் கொடுத்த ஒன்றரை லட்சம் திரும்ப வரல. "அடுத்த மாசம் தர்றேன் மச்சி" என்று இரண்டு வருஷமா ஓடுது. கோர்ட்டுக்குப் போறதெல்லாம் பெரிய விஷயம்னு விட்டுடுறோம். அப்படி விடும்போது, கேட்கிற உரிமையே ஒருநாள் காலாவதி ஆகிடும் என்பது பலருக்குத் தெரியாது.

சிவில் கோர்ட் என்பது சொத்துத் தகராறு பண்றவங்களுக்கு மட்டுமான இடம் இல்லீங்க. சம்பளம் வாங்கி சேமிக்கிற ஒவ்வொருவருக்கும் அது இரண்டு விதத்துல உதவும்: பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி பார்க்க, போன பணத்தைத் திரும்பக் கேட்க. இரண்டையும் தமிழ்நாட்டு நடைமுறையை வச்சுப் பார்க்கலாம்.

ஈசி மட்டும் போதாதா?

"ஈசி போட்டுப் பார்த்தாச்சு, வில்லங்கம் இல்லை." இடம் வாங்குற எல்லோரும் சொல்ற வசனம் இது. வில்லங்கச் சான்று ரொம்ப முக்கியம்தான். ஆனா அதில் வருவது பதிவு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த விவரங்கள் மட்டுமே: கிரயம், அடமானம், தானம், செட்டில்மெண்ட் இப்படி. சொத்து மேல ஒருத்தர் கேஸ் போட்டு அது நடந்துக்கிட்டு இருக்கு என்பது ஈசியில் தெரிஞ்சே ஆகணும்னு இல்லை.

ஒரு உதாரணம். அண்ணன் தன் பேர்ல இருக்கிற பூர்வீக இடத்தை உங்களுக்கு விற்கிறார். பட்டா அவர் பேர்ல இருக்கு, ஈசி சுத்தமா இருக்கு. ஆனா போன வருஷமே தங்கச்சி பாகப்பிரிவினை கேஸ் போட்டிருக்காங்க. 2005-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே சம பங்கு. அப்பா 2005-க்கு முன்னாடியே இறந்திருந்தாலும் அந்த உரிமை உண்டு என்று 2020-ல் வினீதா சர்மா வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு. அதனால இந்த மாதிரி கேஸ் அபூர்வம் கிடையாது.

இப்ப நீங்க அந்த இடத்தை வாங்கினா என்ன ஆகும்? சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-வது பிரிவு, கேஸ் நடக்கும்போது அந்தச் சொத்தை வாங்குறவரையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும் என்கிறது. "எனக்குக் கேஸ் இருக்கிறதே தெரியாது சார்" என்பது எடுபடாது. பத்திரம் உங்க பேர்ல இருக்கும், இஎம்ஐ உங்க அக்கவுண்ட்ல போகும், பாதி இடம் அவங்களுக்குன்னு தீர்ப்பு வரும்.

ரெக்கார்டை எப்படித் தேடுறது?

இதுக்கு யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம். 'இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்' என்ற அரசு இணையதளமும் அதே பேர்ல மொபைல் ஆப்பும் இருக்கு. மாவட்ட, தாலுகா அளவில் இருக்கிற கோர்ட் கேஸ்களை அதில் பார்க்கலாம்.

1. 'கேஸ் ஸ்டேட்டஸ்' பகுதிக்குப் போங்க. மாநிலம், மாவட்டம், கோர்ட் வளாகம் தேர்ந்தெடுங்க. நிலம் சம்பந்தப்பட்ட கேஸ் பொதுவா நிலம் இருக்கிற ஊருக்கான கோர்ட்டில்தான் இருக்கும். விற்பவர் சென்னையில் குடியிருந்தாலும், இடம் செய்யாறில் இருந்தா செய்யாறு கோர்ட்டைப் பாருங்க. தாலுகா கோர்ட்டோடு மாவட்டத் தலைநகர் கோர்ட்டையும் சேர்த்துப் பாருங்க. மதிப்பைப் பொறுத்து கேஸ் அங்கே போயிருக்கலாம்.

2. 'பார்ட்டி நேம்' வழியா தேடுங்க. பேரோட வருஷமும் கேட்கும். ஒரு வருஷம் மட்டும் பார்த்துட்டு நிறுத்தாதீங்க. கடந்த 10, 12 வருஷத்துக்கு ஒவ்வொன்றா போட்டுப் பாருங்க. நிலுவை, முடிந்தவை இரண்டும் வரும்படி 'போத்' கொடுங்க.

3. ஸ்பெல்லிங்தான் பெரிய தலைவலி. ஆங்கிலத்தில் முருகேசனை நாலு விதமா எழுதலாம். இனிஷியல் முன்னாடியும் வரும், பின்னாடியும் வரும். அதனால முழுப் பேரைப் போடாம, பேரோட ஒரு பகுதியை மட்டும் போட்டுத் தேடுங்க. விற்பவர் பேரோட நிறுத்தாம, அவரோட அப்பா, கூடப்பிறந்தவங்க, முந்தைய உரிமையாளர் பேரையும் தேடுங்க. இவங்க பேரெல்லாம் மூலப் பத்திரத்திலும் வாரிசுச் சான்றிதழிலும் கிடைக்கும்.

4. கேஸ் கிடைச்சா, அதோட சி.என்.ஆர். நம்பரைக் குறிச்சு வைங்க. 16 இலக்கம் கொண்ட இது கேஸுக்கு ஆதார் நம்பர் மாதிரி. அடுத்த முறை இதை மட்டும் போட்டா போதும். வாதி, பிரதிவாதி, அடுத்த வாய்தா தேதி, கேஸ் எந்தக் கட்டத்தில் இருக்கு, பதிவேற்றிய உத்தரவுகள் எல்லாம் வரும்.

பேர் ஒத்துப்போனதும் பயந்துட வேண்டாம். அதே பேர்ல நூறு பேர் இருப்பாங்க. பிராதில், அதாவது வழக்கு மனுவில், சொத்து விவரம் இருக்கும். சர்வே நம்பர் நம்ம இடத்தோடதான்னு அதில் பார்க்கணும். அதுக்கு அந்தக் கோர்ட்டில் நகல் மனு போடணும். கேஸில் சம்பந்தமில்லாதவரும் காரணத்தைச் சொல்லி, பிரமாணப் பத்திரத்தோடு நகல் கேட்கலாம். இந்த வேலைக்கு உள்ளூர் வக்கீல் ஒருத்தரை வச்சுக்கிறது நல்லது.

ஒண்ணும் கிடைக்கலன்னா? நல்ல அறிகுறிதான், ஆனா கியாரண்டி கிடையாது. ஹைகோர்ட் கேஸ்களைத் தனியா தேடணும். பேங்க் கடன் பாக்கி 20 லட்சத்துக்குக் குறையாம இருந்தா கடன் மீட்புத் தீர்ப்பாயம் தனி. அதனால வக்கீலோட லீகல் ஒப்பீனியனுக்கு இது மாற்று இல்லை. அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி நீங்களே போடுற முதல் வடிகட்டி, அவ்வளவுதான்.

உங்க பேரையும் ஒருமுறை தேடுங்க

வேலைக்காக மூணு வருஷத்துல நாலு வீடு மாறியிருப்பீங்க. சம்மன் பழைய முகவரிக்குப் போயிருக்கும். சித்தப்பா போட்ட பாகப்பிரிவினை கேஸில் நீங்களும் ஒரு பிரதிவாதியா இருக்கலாம். நண்பர் லோனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டிருந்தா, பேங்க் உங்களையும் சேர்த்துக் கேஸ் போட்டிருக்கலாம். நீங்க ஆஜராகலைன்னா 'எக்ஸ்பார்ட்டி', அதாவது ஒருதலைப்பட்சமாத் தீர்ப்பு வந்துடும். அதை ரத்து பண்ணச் சொல்லி மனு போட 30 நாள்தான். சம்மன் முறையா உங்க கைக்கு வரலைன்னா, தீர்ப்பு பற்றித் தெரிஞ்ச நாளிலிருந்து அந்த 30 நாள் கணக்கு. சொந்த ஊர் கோர்ட்டிலும் இப்ப இருக்கிற ஊர் கோர்ட்டிலும் வருஷத்துக்கு ஒருமுறை உங்க பேரைப் போட்டுப் பாருங்க.

கொடுத்த பணத்துக்கும் எக்ஸ்பைரி டேட் இருக்கு

இனி இரண்டாவது பக்கம். கைமாத்தா கொடுத்த கடனுக்கு காலவரையறைச் சட்டம் தரும் நேரம் 3 வருஷம். 2024 மார்ச் 15 அன்று கொடுத்தீங்கன்னா, 2027 மார்ச் 15-க்குள் கேஸ் போட்டாகணும். புரோநோட்டுக்கும் பொதுவா இதே 3 வருஷம்தான். திருப்பித் தர வேண்டிய தேதியை எழுதி வச்சிருந்தா, அந்தத் தேதியிலிருந்து எண்ணணும்.

இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. போன்ல கேட்டா கடிகாரம் நிற்காது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாலும் நிற்காது. கெடு முடியறதுக்கு முன்னாடி "இவ்வளவு தர வேண்டியிருக்கு" என்று கையெழுத்து போட்டு எழுதிக் கொடுத்தா, அந்த நாளிலிருந்து புதுசா 3 வருஷம் கிடைக்கும். கொஞ்சம் பணம் திருப்பித் தந்து, அதைக் கையெழுத்தோடு எழுதிக் கொடுத்தாலும் அப்படித்தான். அதனால, "அடுத்த மாசம் தர்றேன்" என்றால் "சரி மச்சி, அதை ஒரு பேப்பர்ல எழுதிக் கொடு" என்று கேளுங்க. தர நினைக்கிறவர் எழுதித் தருவார்.

ஆதாரம் விஷயத்தில் யுபிஐ, பேங்க் டிரான்ஸ்ஃபர்தான் நல்லது. வருமான வரிச் சட்டப்படி 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா கடன் வாங்கக் கூடாது. 2 லட்சமும் அதுக்கு மேலயும் ரொக்கமாக் கொடுத்தேன்னு கேஸில் சொன்னா, கோர்ட் அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கணும் என்று 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. வாட்ஸ்அப் உரையாடலை ஆதாரமாக் காட்டணும்னா, 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி ஒரு சான்றிதழும் சேர்த்துத் தரணும். வெறும் ஸ்க்ரீன்ஷாட் போதாது. போன் மாத்தும்போது அந்த சாட்டை அழிச்சுடாதீங்க.

கேஸ் போடுறது எப்படி?

எந்தக் கோர்ட்? பிரதிவாதி குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற இடம், இல்லைன்னா கொடுக்கல் வாங்கல் நடந்த இடம். மாவட்ட முன்சீப் கோர்ட்டா, சார்பு நீதிமன்றமா என்பதைத் தொகை முடிவு செய்யும்.

நோட்டீஸ். தனிநபர் மேல கேஸ் போட நோட்டீஸ் கட்டாயம் இல்லை. ஆனா பல தகராறு இந்தக் கட்டத்திலேயே முடிஞ்சுடும். டெலிவரி ஆனதுக்கு ஆதாரம் கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்க.

பிராது. யார், எப்ப, எவ்வளவு கொடுத்தாங்க, எப்பக் கேட்டாங்க, எவ்வளவு வர வேண்டியிருக்கு என்பதைத் தேதி வாரியா எழுதணும். ஆவணங்களை இணைக்கணும். வக்கீல் வச்சா வக்காலத்து. வக்கீல் இல்லாம நீங்களே நடத்தவும் சட்டத்தில் இடம் உண்டு.

கோர்ட் ஃபீஸ். தமிழ்நாட்டில் முன்பு 7.5 சதவீதமா இருந்தது, 2017-ல் 3 சதவீதமாக் குறைஞ்சது. ஒன்றரை லட்சத்துக்கு 4,500 ரூபாய். இதோட சம்மன் அனுப்பும் பேட்டா, வக்கீல் ஃபீஸ் தனி. வக்கீல் ஃபீஸ் மொத்தமா எவ்வளவு, எந்தெந்தக் கட்டத்தில் எவ்வளவு என்பதை முதல் நாளே பேசிடுங்க.

நம்பர் ஆகுறது. தாக்கல் பண்ணதும் கிடைக்கிறது ஃபைலிங் நம்பர். பரிசீலனையில் குறை இருந்தா திருப்பித் தருவாங்க, சரி பண்ணி மறுபடி கொடுக்கணும். எல்லாம் சரியா இருந்தா ஓ.எஸ். நம்பர் விழும். இனி உங்க கேஸையும் சி.என்.ஆர். வச்சு நீங்களே ஃபாலோ பண்ணலாம். "வாய்தா எப்ப சார்?" என்று வக்கீலுக்குப் போன் போடத் தேவையில்லை.

அதுக்கப்புறம். சம்மன் கிடைச்ச பிரதிவாதி 30 நாளில் பதிலுரை தரணும், கோர்ட் அனுமதிச்சா 90 நாள் வரை. புரோநோட்டு மாதிரி எழுத்து ஆதாரம் இருந்தா, 'சம்மரி சூட்' என்ற சுருக்கமான வழி இருக்கான்னு வக்கீலிடம் கேளுங்க. அதில் பிரதிவாதி 10 நாளில் ஆஜராகணும், எதிர்வாதம் பண்ணவே கோர்ட் அனுமதி வாங்கணும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்க லீவு போட வேண்டியதில்லை. சாட்சி சொல்லும் நாளுக்குக் கட்டாயம் போகணும்.

ஜெயிச்சா பணம் வந்துடுமா?

தானா வராது. டிகிரி கையில வந்ததும் பணம் தரலைன்னா, நிறைவேற்று மனு போடணும். பணத்துக்கான டிகிரிக்கு இதுக்கு 12 வருஷம் அவகாசம். எதிராளி சம்பளக்காரரா இருந்தா சம்பளத்தையே ஜப்தி பண்ணலாம். முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது. சம்பளம் 40,000 என்றால், 39,000-ல் மூன்றில் ஒரு பங்கு, 13,000 ரூபாய் மாசா மாசம் பிடிக்கலாம். ஒரே டிகிரிக்கு மொத்தம் 24 மாசம் வரைதான்.

அதனால கேஸ் போடுறதுக்கு முன்னாடி இரண்டு கேள்வி கேட்டுக்கோங்க: ஆதாரம் இருக்கா? எதிராளிகிட்ட சம்பளமோ சொத்தோ இருக்கா? இரண்டுக்கும் 'ஆமா' என்றால் போடலாம். இரண்டாவது கேள்விக்கு 'இல்லை' என்றால், டிகிரி சுவத்துல மாட்டுற ஃபிரேம் மாதிரிதான். ஒரு கேஸ் முடிய வருஷக்கணக்கில் ஆகலாம் என்பதையும் கணக்கில் எடுங்க.

சின்னத் தொகைன்னா முதலில் லோக் அதாலத். கோர்ட் வளாகத்தில் இருக்கிற சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், கேஸ் போடாமலே மனு கொடுக்கலாம். ஃபீஸ் கிடையாது. இரண்டு பேரும் ஒத்துக்கிட்டா வர்ற உத்தரவு டிகிரிக்குச் சமம், அப்பீலும் கிடையாது. கேஸ் போட்ட பிறகு சமரசம் ஆனாலும் கட்டின கோர்ட் ஃபீஸ் திரும்பக் கிடைக்கும். வெளியே பேசி முடிச்சவங்களுக்கும் இது உண்டு என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. ஹெல்ப்லைன் நம்பர் 15100.

இந்த வார இறுதியில் செய்ய வேண்டியவை

- இ-கோர்ட்ஸ் ஆப்பில் உங்க பேரைத் தேடுங்க.
- இடம், ஃபிளாட் பார்த்துக்கிட்டு இருந்தா விற்பவர் பேரையும் அவர் குடும்பத்தார் பேரையும் தேடுங்க. அது முடியற வரை டோக்கன் வேண்டாம்.
- யாருக்கெல்லாம் கடன் கொடுத்திருக்கீங்க, எந்தத் தேதியில் என்று ஒரு லிஸ்ட் போடுங்க. பக்கத்துலேயே 3 வருஷம் முடியும் தேதியை எழுதி, அதுக்கு ஆறு மாசம் முன்னாடி போன்ல ரிமைண்டர் வைங்க.

இது பொதுவான தகவல்தான். உங்க விஷயத்துக்கு முடிவெடுக்கும் முன் ஒரு வக்கீலிடம் காகிதங்களைக் காட்டிடுங்க. எஸ்ஐபி தேதியை ஞாபகம் வச்சிருக்கிற நாம, கொடுத்த கடனோட கெடு தேதியையும் ஞாபகம் வச்சுக்கலாமே! அடுத்த வீடியோவில் சந்திப்போம்.