எத்தியோப்பியாவில் வெடித்த எரிமலை, டெல்லி வானத்தில் சாம்பல்: எங்கே போகும்னு எப்படிக் கணிக்கிறாங்க?

2025 நவம்பர் 23. எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் இருக்கும் ஹெய்லி குப்பி எரிமலை வெடித்தது. பல ஆயிரம் ஆண்டுகளாக வெடித்ததற்கான பதிவே இல்லாத எரிமலை அது. சுமார் 14 கி.மீ. உயரத்துக்கு எழும்பிய சாம்பல், செங்கடலைத் தாண்டி, ஏமன், ஓமன் பக்கமாக நகர்ந்து, மறுநாள் இரவே வட இந்திய வானத்துக்கு வந்துவிட்டது. இந்தியாவிலும் விமானங்கள் ரத்தாயின.

"டெல்லியில ஏற்கெனவே மூச்சு முட்டுது, இதுல எரிமலைச் சாம்பல் வேறயா?" என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் சாம்பல் போனது பல கி.மீ. உயரத்தில். மக்கள் சுவாசிக்கும் காற்றுக்கு அதனால் பெரிய பாதிப்பு இல்லை. சிக்கல் விமானங்களுக்குத்தான்.

எரிமலைப் புகை விஷயத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்: எவ்வளவு உயரம்?

விமானத்துக்கு ஏன் ஆகாது?

எரிமலைச் சாம்பல் நம்ம வீட்டு அடுப்புச் சாம்பல் மாதிரி இல்லை. அது பொடிப்பொடியான பாறையும் கண்ணாடியும். ஜெட் இன்ஜினுக்குள் இருக்கும் வெப்பத்தில் அது உருகி, உள்பாகங்களில் போய் ஒட்டிக்கொள்ளும்.

1982 ஜூன் 24 அன்று இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் நுழைந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் 4 இன்ஜின்களும் நின்றுபோயின. விமானிகளுக்குக் காரணமே தெரியவில்லை. இரவு நேரம், காய்ந்த நுண்சாம்பல் விமானத்தின் வானிலை ரேடாரிலும் தெரியாது. கீழே இறங்கி, சாம்பலைவிட்டு வெளியே வந்த பிறகே இன்ஜின்கள் உயிர்பெற்றன. விமானம் ஜகார்த்தாவில் பத்திரமாகத் தரையிறங்கியது.

இதுபோன்ற சம்பவங்களுக்குப் பிறகு உருவானவைதான் எரிமலைச் சாம்பல் ஆலோசனை மையங்கள். உலகம் முழுக்க மொத்தம் 9. ஹெய்லி குப்பி சாம்பலைக் கண்காணித்து எச்சரிக்கை கொடுத்தது பிரான்ஸில் உள்ள துலூஸ் மையம்.

உயரம் ஏன் இவ்வளவு முக்கியம்?

இரண்டு காரணங்கள். ஒன்று, திசை. 3 கி.மீ. உயரத்தில் ஒரு பக்கம் வீசும் காற்று, 12 கி.மீ. உயரத்தில் வேறு பக்கம், வேறு வேகத்தில் வீசும். உயரம் தவறினால் சாம்பல் போகும் ஊரே மாறிவிடும்.

இரண்டாவது, அளவு. எரிமலை வாயில் தராசு வைத்து யாரும் நிறுக்க முடியாது. அதனால் புகைத்தூணின் உயரத்தை வைத்தே எவ்வளவு சாம்பல் வெளியேறுகிறது என்று கணக்குப் போடுகிறார்கள். தோராயமாக, உயரம் 2 மடங்கானால் சாம்பல் 16 மடங்கு. 10 கி.மீ. தூணை 12 என்று எடுத்துக்கொண்டால், சாம்பல் கணக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும்!

2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எயாஃபியாட்லாயோகுல் எரிமலை வெடித்தபோது இதுதான் தலைவலி. அப்போது அந்த நாட்டில் இருந்த ஒரே வானிலை ரேடார், எரிமலையிலிருந்து சுமார் 155 கி.மீ. தூரத்தில். அதன் கதிர்கள் அங்கே போய்ச் சேரும்போது இடைவெளி விழுந்துவிடும். அதனால் உயரம் சீராகக் கிடைக்காமல், படிக்கட்டு மாதிரி தாவித் தாவித்தான் கிடைத்தது.

அதே சமயம் ஐரோப்பாவில் சுமார் 1 லட்சம் விமானப் பயணங்கள் ரத்து. 'சாம்பல் இருந்தாலே பறக்காதே' என்பதுதான் அதுவரை விதி. நெருக்கடியின் நடுவிலேயே, ஒரு கன மீட்டர் காற்றில் 2 மில்லிகிராம் சாம்பல் என்று ஒரு எல்லைக்கோடு கொண்டுவரப்பட்டது. அதாவது, 'சாம்பல் இருக்கா?' என்ற கேள்வி, 'எவ்வளவு இருக்கு?' என்று மாறியது. பதில் சொல்ல வேண்டியது கணினி மாடல்கள். பிரிட்டன் பயன்படுத்தும் 'நேம்' மாடல், செர்னோபில் அணு விபத்துக்குப் பிறகு கதிரியக்கம் பரவுவதைக் கணிக்க உருவாக்கப்பட்டது. இப்போது அதிலேயே சாம்பலையும் பின்தொடர்கிறார்கள்.

சரி, எப்படி அளக்கிறாங்க?

மேகமா, சாம்பலா என்பதை அகச்சிவப்புக் கதிர் சொல்லிவிடும். இரண்டு வெவ்வேறு அலைநீளங்களில் பார்த்தால், நீரும் பனியும் ஒரு மாதிரி, சாம்பல் அதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும். கந்தக டை ஆக்சைடு புற ஊதாக் கதிரில் மாட்டிக்கொள்ளும்.

உயரத்துக்கு வழக்கமான வழி, புகையின் உச்சி எவ்வளவு குளிராக இருக்கிறது என்று பார்ப்பது. மேலே போகப் போகக் குளிரும் இல்லையா? ஆனால் ஸ்ட்ராடோஸ்பியருக்குள் போனால் மறுபடி வெப்பம் கூடும். ஒரே வெப்பநிலை இரண்டு உயரங்களில் வரும், கணக்கு குழம்பும்.

2022 ஜனவரி 15 அன்று வெடித்த ஹுங்கா டோங்காவில் இதுதான் நடந்தது. கட்டைவிரலை நீட்டி, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவது போலத் தெரியும். அதே தந்திரத்தை வெவ்வேறு இடங்களில் இருந்து பார்க்கும் 3 செயற்கைக்கோள்களின் படங்களில் பயன்படுத்தினார்கள். வந்த விடை: சுமார் 57 கி.மீ. இதுவரை அளக்கப்பட்டதிலேயே உயரமான எரிமலைப் புகைத்தூண்.

அப்போ பூமி குளிர்ந்ததா?

இங்கேதான் ட்விஸ்ட். 1991-ல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ, ஸ்ட்ராடோஸ்பியருக்குள் சுமார் 1.5 முதல் 2 கோடி டன் கந்தக டை ஆக்சைடைத் தள்ளியது. அது நுண்துளிகளாக மாறி சூரிய ஒளியைத் திருப்பி அனுப்ப, அடுத்த ஆண்டு உலக சராசரி வெப்பநிலை சுமார் 0.5 டிகிரி செல்சியஸ் குறைந்தது. டோங்கா தூண் அதைவிட உயரம். ஆனால் கந்தகம் மிகக் குறைவு. கடலுக்கடியில் வெடித்ததால், அது மேலே அனுப்பியது சுமார் 14.6 கோடி டன் நீராவி. நீராவி வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு. பினாடுபோ மாதிரியான குளிர்ச்சி வரவில்லை.

அடுத்த முறை 'எரிமலை வெடித்தது' என்று நோட்டிஃபிகேஷன் வந்தால், நெருப்பு வீடியோவோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். செய்தியில் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். புகை எவ்வளவு உயரம் போனது? அதில் கந்தகம் எவ்வளவு? முதல் பதில் உங்கள் ஃப்ளைட்டுக்கு. இரண்டாவது, அடுத்த ஓரிரு ஆண்டுகளின் வெயிலுக்கு.